பாவம் யாருக்கு எதிரானது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மனிதன் பாவத்தோடுதான் பிறக்கிறான் என்கிறார் என் விடுதித் தோழி. எல்லா மதங்களும் இதை ஏற்கின்றனவா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: இல்லை. ஆதாமின் வீழ்ச்சியால் மனித இயல்பே கறைபட்டது என்னும் ஜென்மபாவக் கொள்கையை மேற்குக் கிறிஸ்தவத்தில் வலுவாக நிலைநிறுத்தியவர் புனித அகுஸ்தினார். இஸ்லாம் அதை ஏற்பதில்லை. ஆதம் மன்னிக்கப்பட்டார் என்றும், ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்றும் குர்ஆன் கூறுகிறது. இந்து, சமண, பௌத்த மரபுகள் முன்வினையைப் பேசினாலும், அது முதல் மனிதரின் வழியாக வந்து சேர்ந்த குற்றம் அன்று.

கேள்வி: தோல் பதனிடும் ஆலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மழை இரவுகளில் கழிவுநீரை அப்படியே ஓடையில் திறந்துவிடுவார்கள். வாங்காத சுண்ணாம்புக்கும் படிகாரத்துக்கும் சுத்திகரிப்புக் கணக்கில் செலவு எழுதியது நான். கோயிலில் பரிகாரம் செய்யச் சொல்கிறார் மனைவி. மனம் திருந்தி தௌபா (பாவமன்னிப்பு வேண்டல்) செய்தால் இறைவன் மன்னிப்பான் என்கிறார் உடன் வேலை பார்த்த பாய். பாவம் என்று ஒன்றே கிடையாது என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பாவம் யாருக்கு எதிரானது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன. யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றிலும் அது முதன்மையாக இறைவனின் கட்டளையை மீறுவது. ஆகவே மன்னிக்க ஒருவர் இருக்கிறார். உங்கள் பக்கத்து வள்ளிமலையில் தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கிய சமணருக்கு அப்படி ஒருவர் இல்லை. வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள். தவத்தால் அதை உதிர்க்கலாமே தவிர, யாரிடமும் வேண்டித் தள்ளுபடி பெற முடியாது. பௌத்தமோ செயலுக்குப் பின்னால் உள்ள எண்ணத்தையே வினை என்கிறது.

பாவமும் நரகமும் மனிதரை அடக்கிவைக்கும் அச்சங்களாகப் பயன்பட்டன என்று பெரியார் வழிவந்தவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பிறப்பையும் மாதவிலக்கையும் தீட்டாக்கிய கொடுமையை மறக்க முடியாது. ஆனால் உங்கள் மகன் மறுப்பது தெய்வக் குற்றத்தைத்தான். கிணறு கெட்டதை அவரும் மறுக்க மாட்டார்.

இவ்வளவு விலகி நிற்கும் மரபுகள், பாதிக்கப்பட்டவர் சக மனிதராக இருக்கும்போது ஒன்றையொன்று நெருங்கிவருவது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. அடுத்தவர் உரிமையைப் பறித்தவரின் தௌபா, அந்த உரிமையைத் திருப்பித் தராமல் முழுமையாகாது என்பது இஸ்லாமிய அறிஞர்களின் விளக்கம். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்றார் இயேசு. யூதரின் பாவநிவிர்த்தி நாளும், தீங்கிழைக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாதவரைக் காப்பாற்றாது. களவுக்குப் பிராயச்சித்தம் சொல்லும் தர்ம சாத்திரமும் பொருளை உரியவரிடம் சேர்க்கச் சொல்கிறது. ஆகவே மனைவியும் பாயும் சொன்ன வழிகள் தவறல்ல. ஆனால் அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது.

கடவுளைக் குறிப்பிடாமலே உச்ச நீதிமன்றமும் 1996-இல் இதையே கேட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் நிலத்தைச் சீராக்கும் செலவும் தர வேண்டும் என்று தீர்ப்பானது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது.

உங்கள் விஷயத்தில் கடினமான இடம், மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு முகம் இல்லாததுதான். ஓடைக்குக் கீழே உப்புப் பூத்த வயலின் சொந்தக்காரர் ஒருவர் மன்னித்தாலும், இனி பிறந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர் சார்பில் அவரால் மன்னிக்க இயலாது. நீங்கள் முதலாளி அல்லர், வயிற்றுப்பிழைப்புக்காக எழுதினீர்கள் என்பது உங்கள் பங்கைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. எந்த ஆண்டுகளில், எந்தச் செலவுகள் பொய்யாக எழுதப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விவசாயிகள் இழப்பீடு கோர வேண்டுமானால், உங்களுக்குத் தெரிந்த இந்த விவரம் அவர்களுக்குப் பெரிதும் உதவும். உங்களுக்கும் சட்டச் சிக்கல் வரக்கூடும் என்பதால், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பிறகு நினைவில் உள்ளதையெல்லாம் ஆண்டுவாரியாக எழுதி, கையெழுத்திட்டு, அந்த விவசாயிகளிடம் கொடுங்கள்.