இதயத்துக்கு சிடி ஆஞ்சியோ (டை ஏற்றி ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க 64 ஸ்லைஸ் (ஒரு சுற்றில் மெஷின் எடுக்கும் படத் துண்டுகள்) போதுமா, 128 ஸ்லைஸ் வேண்டுமா, டூயல் சோர்ஸ் (இரண்டு எக்ஸ்ரே குழாய் உள்ள மெஷின்) தேடிப் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வீட்டுப் பெரியவர் யாருக்கோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஸ்லைஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவருடைய நாடித்துடிப்பு எத்தனை என்று பாருங்கள். இது எனக்குப் புரிய இரண்டு ஸ்கேன் செலவானது.

என் அம்மாவுக்கு 67 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்றார். ட்ரெட்மில் டெஸ்டில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை, டாக்டர் சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார். நானும் நாலு இடத்தில் விசாரித்து, கூடுதல் பணம் கட்டி, 128 ஸ்லைஸ் மெஷின் இருக்கும் சென்டருக்குப் பெருமையாக அழைத்துப் போனேன். காபி கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா கிளம்பும் முன் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடித்திருந்தார். மெஷினில் படுத்தபோது துடிப்பு 92. துடிப்பைக் குறைக்க மாத்திரை ஒன்று கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், 81க்கு வந்தது. வெளியே கூட்டம். "பரவாயில்ல சார், எடுத்துடலாம்" என்றார் டெக்னீஷியன். நானும் தலையாட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வலது இதயத் தமனியின் நடுப்பகுதி அசைவால் கலங்கியிருக்கிறது, மதிப்பிட முடியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கார்டியாலஜிஸ்ட் படத்தைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "ஹார்ட் ரேட் எவ்வளவு இருக்கும்போது எடுத்தாங்க?"

விஷயம் இதுதான். சாதாரண சிடியில் ஒரு படத்துக்கு எக்ஸ்ரே குழாய் அரைச் சுற்றாவது சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.35 நொடி என்றால் அரைச் சுற்றுக்கு 0.175 நொடி. துடிப்பு ஏற ஏற, இதயம் அசையாமல் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். வலது தமனிதான் அதிகம் ஆடும், அதனால் முதலில் கலங்குவதும் அதுதான். 128 ஸ்லைஸ் என்று விளம்பரம் செய்யும் பல மெஷின்களில் டிடெக்டர் (உடலைத் தாண்டி வரும் எக்ஸ்ரேயைப் பிடிக்கும் பகுதி) வரிசை 64தான். எக்ஸ்ரே கிளம்பும் புள்ளியை மாற்றி மாற்றி வைத்து ஒவ்வொரு வரிசையிலிருந்தும் இரண்டு ஸ்லைஸ் எடுக்கிறார்கள். அதனால் வேகம் கூடிவிடாது.

டூயல் சோர்ஸ் உண்மையிலேயே வேறு. இரண்டு குழாய்கள் இருப்பதால் கால் சுற்று போதும். 2005ல் சீமென்ஸ் கொண்டுவந்த முதல் மாடலிலேயே 0.083 நொடிதான். 320 வரிசை மெஷின் வேறு வழி: 16 செ.மீ. அகலம், முழு இதயமும் ஒரே சுற்றில் அடங்கிவிடும். 64 வரிசை சுமார் 4 செ.மீ. மட்டும் என்பதால் பல துடிப்புகளில் எடுத்து ஒட்ட வேண்டும். துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு அந்த ஒட்டு பிசகும்.

டாக்டர்கள் யாராவது வந்து திட்டுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவம் படித்தவன் இல்லை. புது மெஷின் வீண் என்றும் சொல்லவில்லை. துடிப்பு குறையாதவர்களுக்கும், ஆஸ்துமா இருந்து அந்த மாத்திரையே கொடுக்க முடியாதவர்களுக்கும் டூயல் சோர்ஸ் பெரிய உதவி. ரத்தக்குழாயில் கால்சியம் நிறைய படிந்திருந்தால் எந்த மெஷினிலும் சிரமம்தான், அடைப்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து வேறொரு இடத்தில் மறுபடி எடுத்தோம். பழைய 64 ஸ்லைஸ். முந்தின நாள் இரவே மாத்திரை, காபி கிடையாது, மூச்சை அடக்கிப் பழகச் சொல்லிக் கொடுத்தார்கள். துடிப்பு 58. படம் கண்ணாடி மாதிரி வந்தது. லேசான படிவு மட்டும்தான், மாத்திரை மட்டும் போதும் என்று முடிந்தது. ஆனால் அம்மா இரண்டு தடவை கதிர்வீச்சும் டையும் வாங்கிக்கொண்டார். சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின் டெஸ்டும் இரண்டு தடவை.

இன்சூரன்ஸ் கதையையும் கேளுங்கள். படுக்கையில் அட்மிட் ஆகவில்லையாம், அதனால் இரண்டுக்கும் ஒரு பைசா கிடையாதாம். ஒன்பது வருஷமாக பிரீமியம் கட்டுகிறேன். ஒரு நாள் அட்மிட் ஆகி எடுத்திருந்தால் கொடுத்திருப்பீர்களா என்று கேட்டதற்கு, அந்தப் பெண் லைனை ஹோல்டில் போட்டுவிட்டார்.