உண்ணி கடித்ததை ஒளிக்க வேண்டாம்

கேள்வி: எனக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி டயாலிசிஸ் நடக்கிறது. அடுத்த மாதம் கண்டியில் மாற்றுச் சத்திரசிகிச்சை. சிறுநீரகம் தருபவள் என் தங்கை. ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்கிறாள். போன வாரம் அவளுடைய முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி கடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் தடவிப் பிடுங்கினாள். அதனால் எனக்கு நோய் தொற்றுமா? விஷயத்தைச் சொன்னால் தன்னை வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயப்படுகிறாள்.

பதில்: தங்கையின் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். உண்ணி கடித்த ஒரே காரணத்துக்காக யாரையும் ஒதுக்கிவிடுவதில்லை. மிஞ்சிப்போனால் நாளைத் தள்ளிப்போடுவார்கள். உயிருடன் இருப்பவர் தரும் சிறுநீரகத்தில் உள்ள பெரிய வசதியே அதுதான். டயாலிசிஸ் இருக்கும்வரை சில வாரங்கள் பொறுக்கலாம். மூளைச்சாவடைந்தவரின் உறுப்பென்றால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். முன்பு போலந்தில் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற மூவர் உண்ணி பரப்பும் மூளைக் காய்ச்சலால் இறந்தார்கள். அந்த வைரஸ் ஐரோப்பாவுக்கும் வட ஆசியாவுக்கும் உரியது, நம் மலைகளுக்கு அல்ல.

இங்கே நான் கவனிப்பது உண்ணிக் காய்ச்சலைத் தரும் ரிக்கெட்சியா என்ற கிருமியை. மலைநாட்டில் அந்தக் காய்ச்சல் புதிதல்ல. கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவரில் குடியேறுவதால், இரத்தம் ஓடும் எந்த உறுப்போடும் அது போகக்கூடும். கடித்த உண்ணியெல்லாம் கிருமி சுமப்பதில்லை. ஆனால் கடித்து இரண்டு வாரத்துக்குள் தங்கைக்குக் காய்ச்சலோ கடும் தலைவலியோ உடம்பு வலியோ வந்தால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தோலில் தடிப்பும் வரலாம், ஆனால் மாநிறத் தோலில் அது எளிதில் தெரியாது. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. அதனால் சந்தேகம் வந்த உடனேயே டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்கைத் தொடங்குவோம். வழக்கமாகத் தரும் அமொக்சிசிலின் இதற்குக் கேட்காது.

சத்திரசிகிச்சைக்குப் பின் கவனம் உங்கள் பக்கம் திரும்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் காய்ச்சலை மங்கலாக்கிவிடும். தொற்றால் வெள்ளணுக்கள் குறைந்தால் அதை மாத்திரையின் பக்கவிளைவு என்று எண்ணிவிடவும் இடமுண்டு. முதல் சில வாரங்களில் இலேசான காய்ச்சல் வந்தாலும், 'கொடையாளரை உண்ணி கடித்திருந்தது' என்று நீங்களே சொல்லுங்கள். பார்மசியில் கேட்டு எந்த அன்டிபயோட்டிக்கும் வாங்கிப் போடாதீர்கள். சில மருந்துகள், புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டக்ரோலிமஸ் மாத்திரையின் இரத்த அளவை ஏற்றிவிடும், சில இறக்கிவிடும்.

மண்ணெண்ணெய் வேண்டாம். அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் வைத்துப் பழகிய கை உண்ணிக்கும் அதையே தேடுகிறது. தோலை ஒட்டினாற்போல் சிறு இடுக்கியால் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

அடுத்த கிளினிக்குக்குத் தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். உண்ணியைப் பிடுங்கிய தேதியைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.