நடந்தே போய்ச் சேரக்கூடிய ஆளில்லாத் தீவுகள் உண்டா? அவை எப்படி இருக்கும்?

உண்டு. எனக்குப் பழக்கமான ஹில்ப்ரே தீவுகளைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே டீ ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். அங்கே வெஸ்ட் கர்பி ஊருக்கு எதிரே லிட்டில் ஐ, மிடில் ஐ, ஹில்ப்ரே என்று மூன்று செம்மணற்பாறைத் திட்டுகள் வரிசையாக இருக்கின்றன. பெரியதான ஹில்ப்ரேயே 5 ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். லிட்டில் ஐ, தலையில் கொஞ்சம் புல் முளைத்த பாறை, அவ்வளவுதான். பாறையை விரலால் தேய்த்தாலே சிவப்பு மணல் உதிரும்.

அந்தப் பக்கம் பெரிய ஓத (கடல் ஏற்ற இறக்க) நாட்களில் கடல் 8 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. அதனால் வற்றும்போது கண்ணுக்கெட்டிய வரை மணல்வெளி. ஏறும்போது தீவுகள் 5 மணி நேரம் வரை துண்டிக்கப்பட்டுவிடும்.

போகிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது. மணல் சமதளமாகத் தெரியும், ஆனால் சமதளம் இல்லை. கரைக்கும் தீவுக்கும் இடையில் ஓடைகள் இருக்கின்றன, முதலில் நிரம்புவது அவைதான். ஹில்ப்ரேயின் மேற்கு விளிம்பில் நின்று கடலைப் பார்க்கிறவருக்கு அலை இன்னும் தூரத்தில்தான் இருக்கும். அதற்குள் முதுகுக்குப் பின்னால் திரும்பும் வழி அடைபட்டுக்கொண்டிருக்கும்.

இதே ஓடைகளாலும் சேற்றாலும்தான் கரையிலிருந்து நேராக ஹில்ப்ரேக்கு நடக்கக் கூடாது. முதலில் லிட்டில் ஐ, அதைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி மிடில் ஐ, அப்புறம் ஹில்ப்ரே. சுமார் 3 கிலோமீட்டர். உச்ச ஓதம் (கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரம்) கழிந்து 3 மணி நேரமாவது ஆன பிறகு கிளம்புங்கள். அடுத்த உச்ச ஓதத்துக்கு 3 மணி நேரம் முன்பே தீவை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள்; ஓத அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் துறவிகள் அங்கே வாழ்ந்தார்கள். லிவர்பூலுக்குக் கப்பல் செய்தி அனுப்ப 1841-இல் கட்டிய சைகைத் தந்தி நிலையம் இன்னும் நிற்கிறது. இப்போது நிரந்தரமாக யாரும் இல்லை. குழாய்த் தண்ணீரும் கிடையாது.

குளிர்காலத்தில் போனால் ஒரு வேண்டுகோள்: கடல் ஏறும்போது ஆயிரக்கணக்கான உள்ளான் பறவைகள் இந்தப் பாறைகளில்தான் ஒதுங்கும். அவை இருக்கும் பக்கம் தயவுசெய்து ஏறாதீர்கள்.