டேட்டாபேஸ் வேலைக்கு மைஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்ச் மாதிரி மவுஸால் இயக்கும் கருவியைப் பயன்படுத்துவது கேவலமா?

உங்கள் டீம் லீட் "ஒர்க்பெஞ்ச் திறக்கிறவன் எல்லாம் டேட்டாபேஸ் ஆளே இல்லை, கறுப்புத் திரையில் டைப் பண்ணத் தெரியணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, அவர் சொன்ன அன்றே கருவியை மூடி வைத்திருப்பீர்கள். நான் மூடவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கறுப்புத் திரை, அதாவது கமாண்ட் லைன், வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. சண்டைக்கு வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வரவும்.

2016. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கும் சின்ன ஆபீஸில் இருந்தேன். பீஸ் ரேட் தெரியும்தானே, ஓவர்லாக் தையல் அடிக்க ஒரு பீஸுக்கு இவ்வளவு, ஃபிளாட்லாக்குக்கு இவ்வளவு என்று ஸ்டைலுக்கு ஸ்டைல் மாறும். வாரக் கணக்கு வெள்ளி ராத்திரி ஓடும், சனிக்கிழமை கையில் காசு. சேர்ந்த புதிதில் எங்கள் டேட்டாபேஸை ஒர்க்பெஞ்சில் ரிவர்ஸ் இன்ஜினியரிங் போட்டுப் படமாக எடுத்தேன். டேபிள் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தது, ஆனால் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கோடு இல்லை. ஏனென்றால் ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் ஃபாரின் கீயை யாரும் போட்டிருக்கவில்லை. அதை எங்கள் லீடிடம் காட்டினேன். அவருக்கு என்னைப் பிடிக்காமல் போனது அன்றுதான் என்று நினைக்கிறேன். அதன்பிறகு எனக்கு "மவுஸ் தம்பி" என்று பெயர்.

ஒர்க்பெஞ்சில் சேஃப் அப்டேட்ஸ் என்று ஒன்று உண்டு. மாற்றும் அப்டேட்டிலோ அழிக்கும் டெலீட்டிலோ கீ நெடுவரிசையை வைத்து, எந்த வரிசைகள் என்று சொல்லும் வேர் (WHERE) கண்டிஷன் போடாவிட்டால் ஓடவே ஓடாது, 1175 என்று எர்ரர் அடிக்கும். எத்தனை வரிசை என்று லிமிட் போட்டால் விடும். நம்ம ரேட் டேபிளில் கீ வெறும் ஐடி நம்பர். நாங்கள் மாற்றுவதோ ஸ்டைல் நம்பரையும் ஆபரேஷனையும் வைத்து. அதனால் வேர் சரியாகப் போட்டாலும் 1175 வரும். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு லீட், "இது குழந்தைங்களுக்கு வெச்சது, எடுத்துவிடு" என்றார். சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். எடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மணி ஆறரை இருக்கும். ஒரு ஸ்டைலுக்கு ஓவர்லாக் ரேட்டை 1.75 என்று மாற்றச் சொல்லி போன் வந்தது. அப்டேட்டை இரண்டு வரியாக எழுதினேன், வேர் இரண்டாவது வரியில். அதே எடிட்டர் பக்கத்தில் மேலே இன்னும் ஏழெட்டு குவரி, அதாவது கட்டளை, கிடந்ததால் எனக்கு வேண்டியதை மட்டும் மவுஸால் இழுத்து செலக்ட் பண்ணி மின்னல் பட்டனை அழுத்தினேன். செலக்‌ஷன் இருந்தால் ஒர்க்பெஞ்ச் அதை மட்டும்தான் ஓட்டும். நான் இழுத்ததோ முதல் வரியோடு நின்றிருக்கிறது. வேர் இல்லாத மரம் என்ன ஆகும்.

கீழே அவுட்புட்டில் 4809 வரிசை மாறியது என்று வந்தது. பக்கத்திலேயே பொருந்தியது 4812, மாறியது 4809, வார்னிங் 0. அதாவது மூன்று ஆபரேஷனுக்கு ஏற்கெனவே 1.75தான் ரேட். அந்த நேரத்தில் புத்தி இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது பாருங்கள். செய்ததைத் திருப்பும் ரோல்பேக் பட்டன் மங்கிப்போய் அழுத்தவே முடியவில்லை, ஒவ்வொரு மாற்றத்தையும் அப்போதே நிரந்தரமாக்கும் ஆட்டோ கமிட் ஆனில் இருந்தால் அப்படித்தான் இருக்கும். கையால் ரோல்பேக் என்று டைப் பண்ணியும் பார்த்தேன். ஓடியது, 0 வரிசை.

நல்லவேளை, ராத்திரி ஒரு மணிக்கு எடுத்த டம்ப் (டேட்டாபேஸின் நகல்) இருந்தது. அதிலிருந்து அந்த ஒரு டேபிளை மட்டும் கறுப்புத் திரையில்தான் வெட்டி எடுத்தேன் (பார்த்துக்கொள்ளுங்கள், நான் நியாயஸ்தன்), வேறொரு ஸ்கீமாவில் (தனி டேட்டாபேஸ் மாதிரி) ஏற்றி, ஐடியை வைத்து இரண்டு டேபிளையும் ஜாயின் போட்டு இணைத்துப் பழைய ரேட்டை எல்லாம் திருப்பினேன். அன்று காலையிலிருந்து மாற்றிய ரேட் மட்டும் டம்பில் கிடையாது. அதற்கு லைன் சூப்பர்வைசர் அக்காவுக்குப் போன் போட்டேன். "ஏனுங் தம்பி, காலையிலதானே சொன்னேன்" என்று சலித்துக்கொண்டாலும் ரேட் நோட்டை எடுத்து வைத்து 37 ரேட்டையும் ஒவ்வொன்றாக வாசித்தார், பின்னால் மெஷின் சத்தத்தோடு. ராத்திரி பதினொன்றரைக்குக் கணக்கு ஓடியது. மறுநாள் சம்பளத்தில் ஒரு பைசா பிசகவில்லை.

திங்கட்கிழமை லீட் சொன்னது: "மவுஸ் பிடிச்சா இப்படித்தான்." எடுத்துவிடு என்று சொன்னவர் யார் என்ற பேச்சே எழவில்லை. ரிப்போர்ட்டில் என் பெயர் மட்டும். இன்கிரிமென்ட்டும் போச்சு.

செலக்ட் பண்ணியது நான்தான், தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் சேஃப் அப்டேட்ஸ் ஆனில் இருந்திருந்தால் அந்த அப்டேட் ஓடியே இருக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் கும்பிடும் கறுப்புத் திரையிலும் இதே காவல் உண்டு. மைஎஸ்கியூஎல் கிளையண்ட்டை சேஃப்-அப்டேட்ஸ் ஆப்ஷனோடு திறந்தால் இதையேதான் செய்யும், கூடவே தரவைப் படிக்கும் செலக்ட் குவரியையும் 1000 வரிசையில் நிறுத்தும். அந்த ஆப்ஷனுக்கு மைஎஸ்கியூஎல்காரர்களே வைத்த இன்னொரு பெயர் ஐ-ஆம்-அ-டம்மி. நான் ஒரு மக்கு என்று ஒத்துக்கொண்டு உள்ளே போவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது அப்போதே தெரிந்திருந்தால் லீட் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். சரி, சொல்லியிருக்க மாட்டேன்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. அந்த வேலையை விட்டு வேறு இடம் தேடியபோது மூன்று இன்டர்வியூவில் வெள்ளைத்தாளைக் கொடுத்து ஜாயின் எழுதச் சொன்னார்கள். ஒருவர் செமிகோலன் இல்லை என்று சிவப்பு மையில் சுழித்தார். டம்பிலிருந்து ஒரு டேபிளை மட்டும் எப்படித் திருப்புவாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன், அந்த ஒரு கேள்விக்கு.

இப்போது லைவ் டேட்டாபேஸுக்கு டீபீவர் என்ற இன்னொரு கருவி வைத்திருக்கிறேன். கனெக்‌ஷன் வகையை புரொடக்‌ஷன் என்று வைத்தால் எடிட்டரே சிவப்பாகத் தெரியும், ஆட்டோ கமிட்டையும் அணைத்து வைத்திருக்கிறேன். மாடல் வரைய இன்றும் ஒர்க்பெஞ்ச்தான். முன்பு குவரி பிரவுசர், அட்மினிஸ்ட்ரேட்டர் என்று தனித்தனியாகத் திறந்துகொண்டிருந்ததை 2010-இல் ஒர்க்பெஞ்ச் 5.2 பதிப்பு வந்து ஒன்றாக்கியது, அந்த நன்றி எனக்கு உண்டு.

உங்கள் லீடுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு ஆபீஸ் போனதும் எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் எஸ்கியூஎல் எடிட்டர், அந்தப் பக்கத்தில் கடைசியாக சேஃப் அப்டேட்ஸ். டிக் இல்லாவிட்டால் போடுங்கள். போட்டபின் கனெக்‌ஷனை ஒருமுறை விட்டுத் திரும்ப எடுக்க வேண்டும், அதுவரை டிக் இருந்தும் வேலை செய்யாது.