டெல்லியில் ஒரே நாள்: பத்து இடங்கள் பார்க்கலாமா, நான்கு போதுமா?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், குடும்பத்துடன் ரிஷிகேஷ் செல்கிறோம். ஞாயிறு இரவு டெல்லியில் இறங்கி, திங்கட்கிழமை முழுவதும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, செவ்வாய் காலை ரயில் ஏறுவதாகத் திட்டம். மூட்டுவலியுள்ள 71 வயது அம்மா, 11 வயது மகன், மலேசியக் குடியுரிமை பெற்ற அக்கா ஆகியோர் உடன் வருகிறார்கள். வழிகாட்டியுடன் ஒரே நாளில் பத்து இடங்களைக் காட்டுவதாகச் சொல்லும் பேருந்துச் சுற்றுலாவில் சேரலாமா, தனியாக வண்டியும் வழிகாட்டியும் அமர்த்திக்கொள்வது நல்லதா?

பதில்: முதலில் கிழமையைக் கவனியுங்கள். டெல்லியில் திங்கட்கிழமை என்றால் செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் ஆகிய நான்கும் விடுமுறை. அன்றைக்கும் பேருந்துச் சுற்றுலாக்கள் ஓடத்தான் செய்கின்றன. பூட்டிய இடங்களை வெளியிலிருந்து காட்டி, அவற்றையும் பத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ரிஷிகேஷிலிருந்து திரும்பும் வழியில் வேறு ஒரு கிழமையில் டெல்லியை வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. அதற்கான மாற்று வழியைக் கீழே சொல்கிறேன்.

பேருந்தா, தனி வண்டியா என்ற கேள்விக்கு, உங்கள் குடும்பத்தின் நிலையில் என் பரிந்துரை தனி வண்டியும் ஒரு வழிகாட்டியும்தான். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறு மணிக்கு முடியும் ஒரு சுற்றுலாவில், போக்குவரத்து நெரிசலிலும் வண்டி நிறுத்தத்திலும் மூன்று மணி நேரமாவது போய்விடும். மதிய உணவுக்கு ஒரு மணி நேரம், கட்டாயமாக அழைத்துச் செல்லப்படும் ஏதேனும் ஒரு கடையில் முக்கால் மணி நேரம், நாற்பது பேரையும் தலை எண்ணி ஏற்றி இறக்குவதில் ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் என்று கழித்துப் பார்த்தால், ஓர் இடத்துக்கு இருபது நிமிடம் மிஞ்சினால் அதிகம். குதுப் மினார் வளாகத்தில் சீட்டைக் காட்டிச் சோதனையைக் கடந்து உள்ளே சென்று, மூட்டுவலியுள்ள ஒருவர் கோபுரத்தின் அடிக்கு வந்து சேர்வதற்கே அந்த இருபது நிமிடம் ஆகிவிடும். தனியாக வரும் இளைஞர்களுக்கும், ஊரின் அமைப்பு பிடிபட்டால் போதும், மறுநாள் வேண்டிய இடத்துக்குத் திரும்பி வரலாம் என்று நினைப்பவர்களுக்கும் பேருந்துச் சுற்றுலா செலவு குறைந்த நல்ல வழி. உங்களுக்கு மறுநாள் இல்லை.

குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, பழைய டெல்லி, இந்தியா கேட் என்ற நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு நேரம் மட்டுமே காரணம் இல்லை. டெல்லி ஒரே தலைநகரம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பப்பட்ட பல தலைநகரங்கள் அருகருகே கிடக்கும் நிலப்பரப்பு அது. தெற்கே, குதுப் மினார் இருக்கும் மெஹ்ரோலியில் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தான்களின் ஆட்சி தொடங்கியது. அதன்பின் சீரி, துக்ளகாபாத், ஃபிரோசாபாத் என்று ஒவ்வோர் அரசரும் தமக்கெனப் புதிய நகரம் எழுப்பினர். ஷாஜகான் தலைநகரை ஆக்ராவிலிருந்து மாற்ற முடிவெடுத்து 1639-இல் வடக்கே ஷாஜகானாபாத்தைத் தொடங்கினார். இன்று பழைய டெல்லி என்று வழங்குவது அதுதான். 1911 டிசம்பரில் நடந்த தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்த பிறகு, 1931-இல் புது டெல்லி திறந்து வைக்கப்பட்டது. இந்த வரிசை தெரியாமல் சுற்றினால் எல்லாமே சிவப்புக் கல்லில் கட்டிய ஒரே மாதிரிக் கட்டடங்களாகத் தோன்றி, மூன்றாவது இடத்திலேயே உங்கள் மகனுக்குச் சலித்துவிடும்.

ஆகவே பல சுற்றுலாக்கள் பழைய டெல்லியில் தொடங்கித் தெற்கே குதுப் மினாரில் முடிந்தாலும், நீங்கள் அதைத் தலைகீழாக மாற்றித் தெற்கிலிருந்து வடக்கே செல்லுங்கள். காலத்தின் வரிசையும் சாலையின் வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போகும் அபூர்வமான வசதி இந்த ஊரில் உண்டு.

காலை எட்டரை மணிக்குக் குதுப் வளாகத்தில் இருங்கள். டிசம்பர் கடைசியில் மூடுபனி இருந்தால் 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் அடுக்குகள் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அதற்காகக் கவலைப்படாமல், முதலில் அருகிலுள்ள குவ்வத்துல் இஸ்லாம் மசூதிக்குள் செல்லுங்கள். பனி விலகிய பிறகு கோபுரத்துக்கு வரலாம். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு இம்மசூதி கட்டப்பட்டதாக அதன் கிழக்கு வாயிலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே கூறுகிறது. தூண்களை நெருங்கிப் பார்த்தால் சங்கிலியில் தொங்கும் மணிகள் கல்லில் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நம் ஊர்க் கோயில் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய உங்கள் அம்மாவின் கண்ணில் அது உடனே படும்.

அதன்பின், முற்றத்தின் மேற்கே உயர்ந்து நிற்கும் வளைவுச் சுவரின் விளிம்பை மகனுக்குக் காட்டுங்கள். வளைவு போலத் தோன்றினாலும் அது மெய்யான வளைவு இல்லை. கற்கள் கிடைமட்டமாகவே அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையை விடச் சற்று முன்னால் நீட்டப்பட்டு, இரு பக்கமும் உச்சியில் சேருமாறு கட்டப்பட்டிருக்கிறது. தூண் நிறுத்தி உத்தரம் பாவுவதில் கைதேர்ந்த உள்ளூர்ச் சிற்பிகளிடம், அவர்கள் அதுவரை கட்டியிராத ஒரு வடிவத்தைக் கேட்டபோது, தங்களுக்குத் தெரிந்த முறையிலேயே அதைக் கட்டிக் கொடுத்தார்கள். அதே வளாகத்தில் சிறிது தூரம் நடந்தால் 1311-இல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாசா என்ற வாயில் இருக்கிறது. அங்கே ஆப்பு வடிவில் வெட்டிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கி நிற்கின்றன. அது மெய்யான வளைவு. நூறாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஒரு தொழில்நுட்பம் ஊன்றியதை ஐந்து நிமிட நடையில் பார்த்துவிடலாம். வழிகாட்டி இதைத் தாமாகச் சுட்டிக் காட்டினால் நல்லவரைப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். கேட்ட பிறகும் விழித்தால், அவர் படம் எடுத்துக் கொடுப்பதற்கு மட்டுமே உதவுவார்.

மசூதி முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், ஆறு டன்னுக்கு மேல் எடை. துருப் பிடிக்காததற்கு மந்திரம் ஏதுமில்லை. பழைய முறையில் உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகியிருப்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார். தூணுக்கு முதுகைக் காட்டிக் கைகளைப் பின்னால் கோத்துக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பியவர்கள் தேய்த்த தேய்ப்பில் அது சேதமடையத் தொடங்கியதால், 1997-இல் சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். கோபுரத்தின் மேலே ஏறுவதற்கும் அனுமதி இல்லை. 1981-இல் உள்ளே நெரிசலில் பலர், பெரும்பாலும் மாணவர்கள், இறந்ததையடுத்து படிக்கட்டு மூடப்பட்டது. மகனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதினொரு மணியளவில் ஹுமாயூன் கல்லறைக்குப் புறப்படலாம். 1570-களின் தொடக்கத்தில் முடிந்த இக்கட்டடத்தை ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் எழுப்பச் செய்தார். நாற்புறமும் தோட்டம், நடுவே உயர்ந்த மேடை, மேலே உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரண்டு அடுக்கு கொண்ட வெண்பளிங்குக் குவிமாடம் என்ற அமைப்பைப் பார்த்தவுடன் தாஜ்மகால் நினைவுக்கு வரும். தாஜ்மகாலின் வேலை தொடங்கியது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1632-இல். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் 1857 செப்டம்பரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இவ்வளாகத்தில்தான். டெல்லியில் ஓர் இடத்துக்கு மட்டுமே நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அம்மாவுக்கு இங்கே ஓர் இடர் உண்டு. மேடைக்கு ஏறும் படிகள் உயரமானவை, செங்குத்தானவை, கைப்பிடியை நம்பி ஏறக்கூடியவை அல்ல. அவர் மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை. கீழே தோட்டத்தில் வெயில் படும் ஓர் இருக்கையில் அமர்ந்தால் கட்டடத்தின் முழு அழகும் அங்கிருந்தே தெரியும். மற்றவர்கள் ஏறி இறங்க அரை மணி நேரம் போதும். நுழைவாயிலுக்கு அருகே வலப்புறமுள்ள ஈசா கான் கல்லறை ஹுமாயூன் கல்லறைக்கும் முந்தியது. அதைத் திரும்பும்போது பார்க்கலாம்.

மதிய உணவை அவ்வட்டாரத்திலேயே முடித்துக்கொண்டு பழைய டெல்லிக்குச் செல்லுங்கள். சாலை நெரிசலாக இருந்தால் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமல் ஜாமா மஸ்ஜித் அல்லது லால் கிலா (செங்கோட்டை) நிலையத்தில் இறங்கிவிடலாம்; ஓட்டுநரைப் பின்னால் வந்து சேரச் சொல்லலாம். செங்கோட்டை திறந்திருக்கும் நாளானால் லாகூர் வாயிலில் நுழைந்து, கூரையிட்ட கடைவீதியைக் கடந்து, மன்னர் பொதுமக்களைச் சந்தித்த திவானி ஆம், முக்கியமானவர்களைச் சந்தித்த திவானி காஸ் ஆகிய மண்டபங்கள் வரை சென்று திரும்புங்கள். 1857-க்குப் பிறகு உள்ளேயிருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை ஆங்கிலேயர் இடித்துப் படைவீடுகள் கட்டிவிட்டதால், கோட்டைக்குள் பார்ப்பதைவிட நடப்பது அதிகம். திங்கட்கிழமையானாலும் பெரிய நஷ்டமில்லை என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம். அன்று வெளிச்சுவரை மட்டும் பார்த்துவிட்டு, ஜாமா மஸ்ஜிதுக்கும் சாந்தினி சௌக்குக்கும் முழு நேரத்தையும் கொடுங்கள்.

சாந்தினி சௌக்கின் முதன்மைச் சாலையில் பகலில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. சைக்கிள் ரிக்‌ஷா உண்டு, ஏறும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், கடைவீதியைப் பொறுத்தவரை உங்கள் திங்கட்கிழமை நல்ல நாள். ஜாமா மஸ்ஜிதில் தொழுகை நேரங்களில் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிய பின் காத்திருக்க நேராதபடி வழிகாட்டியிடம் அன்றைய நேரத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். குளிர்காலக் கல்தரைக்குத் தடித்த காலுறை உதவும்.

மாலையில் திரும்பும் வழியில் கர்த்தவ்யப் பாதையும் இந்தியா கேட்டும். ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். விளக்கொளியில் பார்த்தால் போதும். அக்‌ஷர்தாமையும் இதில் நுழைக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கைப்பேசி, பை அனைத்தையும் வெளியே ஒப்படைத்து உள்ளே செல்ல வேண்டிய அந்த இடத்துக்குத் தனியே அரை நாள் வேண்டும்.

வழிகாட்டியை அமர்த்தும்போது மத்திய சுற்றுலா அமைச்சகம் வழங்கிய அடையாள அட்டை உள்ளவரா என்று கேளுங்கள். நினைவுச் சின்னங்களின் வாசலில் மொய்த்துக்கொண்டு வருபவர்களில் பலரிடம் அது இருக்காது. தமிழ் பேசும் வழிகாட்டி கிடைப்பது அரிது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ அவர் சொல்வதை அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். கைவினைப் பொருள் கடைகளுக்கு அழைத்துச் செல்வதில் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் கமிஷன் உண்டு. 'கடை எதற்கும் போக வேண்டாம்' என்பதைப் பதிவு செய்யும்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். நுழைவுச் சீட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம், வழிகாட்டியின் சாப்பாடு ஆகியவை தொகையில் அடங்குமா என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

இனி அக்காவின் சீட்டு. தொல்லியல் துறையின் கீழுள்ள குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற இடங்களில் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். இணையத்தில் வாங்கினால் சற்றுக் குறைவு. 15 வயதுக்கு உட்பட்ட உங்கள் மகனுக்குச் சீட்டே தேவையில்லை, ஆனால் ஆதார் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாவைச் சார்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவருக்கு இந்தியக் கட்டணமே பொருந்தும், எனினும் மலேசியா அவற்றில் இல்லை. உங்கள் அக்காவிடம் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் அட்டை, இருந்தால் அவருக்கும் இந்தியக் கட்டணம்தான். அசல் அட்டையைக் கையில் வைத்திருக்கட்டும், கைப்பேசியில் உள்ள படத்தை வாசலில் ஏற்பார்கள் என்று நம்ப வேண்டாம். அட்டை இல்லையென்றால் வெளிநாட்டவர் சீட்டையே வாங்கிவிடுங்கள். உருவத்தையும் பேச்சையும் வைத்து யாரும் கேட்க மாட்டார்கள் என்று எண்ணி நாற்பது ரூபாய்ச் சீட்டோடு நுழைந்து, வாசல் சோதனையில் மாட்டிக்கொண்டு, மறுபடி வரிசையில் நிற்கும் அரை மணி நேரம் உங்கள் நான்கு இடங்களில் ஒன்றிலிருந்துதான் கழியும்.