காரைக்குடிப் பக்கம் சர்க்கரை முகாமில், மீதி ரத்தத்தை "எதிர்கால ஆராய்ச்சிக்கு" வைத்துக்கொள்ளக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா? அப்பத்தாவுக்கும் நானே போட்டுவிடலாமா?

உங்களுக்குப் போடலாம், தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்த பிறகு. அப்பத்தாவுக்கு நீங்கள் போட முடியாது. நினைவு தெளிவாக இருக்கும்வரை சம்மதம் அவர்களுடையது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் கைநாட்டு. கூடவே அந்த ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒரு சாட்சி.

சர்க்கரை பார்க்கத் தரும் சம்மதம் வேறு, ரத்தத்தைச் சேமிக்கத் தரும் சம்மதம் வேறு. இரண்டாவதை மறுத்தாலும் ரிசல்ட் தந்தாக வேண்டும். முகாம்களில் கோளாறு நடப்பதே இங்கேதான். வெறும் வயிற்றோடு வந்தவர் பஞ்சை அழுத்திக்கொண்டு இட்லிப் பொட்டல வரிசையில் நிற்கும்போது தாளை நீட்டினால் யார் படிப்பார்கள்?

"மீதி" என்ற சொல்லையும் கவனியுங்கள். சர்க்கரைக்கு எடுப்பது சாம்பல் மூடிக் குழாய். மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனைக்கு ஊதா மூடி. அதில் ஒரு துளி போதும், மிச்சம் முழுக்க அப்படியே இருக்கும். ஊதாக் குழாய் இரண்டு எடுத்தால் இரண்டாவது எதற்கு என்று கேளுங்கள். சேமிப்புக்கென்றே எடுத்ததை மீதி என்று சொல்வது சரியில்லை. அந்த ரத்தத்தின் வெள்ளணுக்களில் உங்கள் டிஎன்ஏ முழுவதும் இருக்கிறது. மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் பல ஆண்டுகளுக்குக் கெடாது.

"பேரை எடுத்துவிடுவோம்" என்பார்கள். அதில் இரண்டு வகை. பெயருக்குப் பதில் எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வைப்பது ஒன்று. பட்டியலையே அழித்துவிடுவது இன்னொன்று. முதல் வகையில் பின்னால் மனம் மாறினால் உங்கள் குழாயைத் தேடி அழிக்கச் சொல்லலாம், இரண்டாவதில் முடியாது. எதுவானாலும் வெளிவந்துவிட்ட ஆய்வு முடிவிலிருந்து உங்களை உருவ முடியாது.

செட்டிநாட்டில் பேரை எடுத்தால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். படிவத்தில் ஊர், பிறந்த ஆண்டு, நகரக் கோயில் (நகரத்தார் எந்தப் பிரிவு என்பதைக் காட்டும் கோயில்) மூன்றும் இருந்தால் போதும். கோயில்கள் ஒன்பதுதான், இளையாத்தங்குடி என்றால் அதற்குள் பிரிவையும் கேட்பார்கள். சின்ன ஊரில் அந்த மூன்றும் பொருந்துகிற ஆள் ஒருவரோ இருவரோதான் இருப்பார். கோயில் புள்ளிக் கணக்கு, அதாவது கோயிலில் பதிந்த குடும்பங்களின் கணக்கு, தெரிந்தவர் நிமிடத்தில் பேரைச் சொல்லிவிடுவார். ஆய்வாளர் கோயிலைக் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சமூகத்துக்குள்ளேயே கொண்டு கொடுக்கும் எந்தக் கூட்டத்திலும் சில அரிய மரபணு மாற்றங்கள் கூடுதலாகத் தேங்கும். ஆந்திர வைசியர்களிடம் அப்படி ஒன்று கண்டறியப்பட்டிருக்கிறது: அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தத் தரும் ஒரு மருந்து சிலருக்குச் சீக்கிரம் தெளியாது. தெரிந்திருந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்து எடுப்பார். ஆனால் "இந்தக் கோயில்காரர்களுக்கு இந்த நோய்" என்று ஒரு வரி வெளியே வந்தால், ரத்தமே கொடுக்காதவர் வீட்டுப் பெண்ணையும் பொருத்தம் பார்க்கும் இடத்தில் அது தொடும். கோயிலைப் படிவத்தில் எழுதினாலும், மற்றவர்களோடு பகிரும் தரவில் ஊரும் கோயிலும் சேர்ந்து வரக்கூடாது என்று கேளுங்கள்.

பிள்ளை கூட்டிய வீடுகளில் இன்னொரு சிக்கல். "அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா" என்ற கேள்விக்குச் சுவீகாரம் போனவர் கூட்டிக்கொண்ட அப்பச்சியைத்தான் சொல்வார். தகவலும் தப்பாகும், டிஎன்ஏவை ஒப்பிடும்போது யாரும் கேட்காத உண்மை வெளியே வரும். உறவுமுறை பற்றித் தெரியவருவதை யாருக்கும் சொல்லமாட்டோம் என்று தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

"எதிர்கால ஆராய்ச்சி" எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் கதை போதும். 1990 முதல் சர்க்கரை நோய் ஆய்வென்று அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அதையே மனச்சிதைவு நோய்க்கும், அவர்கள் எங்கிருந்து குடிபெயர்ந்தார்கள் என்பதற்கும் பயன்படுத்தினார்கள். 2010-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, ரத்தத்தையும் திருப்பித் தந்தது.

இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டி நெறிமுறைகள் படிப்படியான சம்மதத்துக்கு, அதாவது எதற்குச் சரி, எதற்கு வேண்டாம் என்று தனித்தனியாகக் குறிப்பதற்கு, இடம் தருகின்றன. தாளில் அப்படிக் குறிக்கக் கட்டங்கள் இல்லையென்றால் கையெழுத்துக்கு மேலே நீங்களே எழுதுங்கள்: "சர்க்கரை, இதய நோய் ஆய்வுக்கு மட்டும். வேறு ஆய்வுக்கு, தனியார் நிறுவனத்துக்கு, வெளிநாட்டுக்கு அனுப்ப மறுபடி கேட்க வேண்டும்." ஏற்க மறுத்தால் சேமிப்புக்குக் கையெழுத்து வேண்டாம். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் தாளில் இல்லாவிட்டாலும் வேண்டாம். சட்டம் காப்பாற்றும் என்று அதிகம் நம்பாதீர்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டமும் இல்லை.

அரசு சுகாதாரத் துறை டெங்கு பரவலைப் பார்க்க ரத்தம் எடுப்பது இதில் சேராது. அது நோய்த்தடுப்புப் பணி, தயங்காமல் கொடுங்கள்.

கடைசியில் தாளின் நகலையும் உங்கள் குழாயின் எண்ணையும் வாங்கிப் பெட்டகத்தில் பத்திரங்களோடு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து விலக நினைத்தால் அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.