பழைய கார்களின் ஹெட்லைட் ஒயரிங்: கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகிய கார்களைப் பேணி வருபவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

திருமங்கலம் வாசகர்: ஐயா, என் அம்பாசிடரில் இரண்டு ஹெட்லைட்டும் மங்கலாக எரிகின்றன. 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பு போட்டேன். வெளிச்சம் கூடவில்லை, டேஷ்போர்டு சுவிட்ச்தான் சுடுகிறது.

சுவிட்ச் சுடுவதே உங்கள் கேள்விக்கான விடை. 60/55 என்றால் தொலைவுக்கு எரியும் பிரைட்டுக்கு 60 வாட், தாழ எரியும் டிம்முக்கு 55 வாட். 60 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்புகளோ ஏறக்குறைய 17 ஆம்பியர் இழுக்கும். அந்த மின்சாரம் முழுவதும் தேய்ந்துபோன சுவிட்ச், டிம்மர் (டிம்மையும் பிரைட்டையும் மாற்றும் சுவிட்ச்), பச்சைக் களிம்பேறிய இணைப்புகள் ஆகியவற்றைக் கடந்துதான் பல்புக்குப் போக வேண்டும் என்பதால், பல்பின் வாட் கூடக் கூட வழியில் இழக்கும் வோல்ட்டும் கூடுகிறது. பல்புக்கு வரும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும்.

முதலில் பழைய 60/55 பல்பையே மாட்டுங்கள். இன்ஜினைச் சற்று உயர்த்திய வேகத்தில் ஓடவிட்டு, பிரைட் எரியும்போது மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளிலும், பிறகு பல்பு ஹோல்டரின் முனைகளிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். ரிஃப்ளெக்டரின் பாலிஷ் போயிருக்கும். ஒன்றரை, இரண்டு வோல்ட் காணாமல் போனால், பேட்டரியிலிருந்து பல்புக்கு வரும் பாசிட்டிவ் பக்கத்தையும், பல்பிலிருந்து வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பக்கத்தையும் தனித்தனியே அளந்து, இழப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எர்த் பக்கம் என்றால் அடுத்த பதிலைப் பாருங்கள். பாசிட்டிவ் பக்கம் என்றால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வைப்பதே நிரந்தரத் தீர்வு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே தேவை. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்ற முனைக்கும், 87 என்ற முனையிலிருந்து அதே தடிமனான ஒயர் பல்புக்கும் போகட்டும். ஏற்கெனவே இருக்கும் பழைய ஒயரை 86இல் கொடுத்து, 85ஐ எர்த் செய்துவிட்டால், சுவிட்ச் இனி ரிலேயை இயக்க மட்டுமே பயன்படும். ஒவ்வொரு ரிலேக்கும் பேட்டரிக்கு அருகிலேயே தனியாக 15 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள்; நத்தம் சாலையில் இரவு ஒரு ஃபியூஸ் போனாலும் மற்றொன்றில் வீடு வந்து சேரலாம்.

மேலூர் வாசகர்: பத்மினிக்கு டிங்கரிங், பெயிண்டிங் முடித்து எடுத்த நாள் முதல், பிரைட் போட்டால் இடது விளக்கு செவ்வொளியாக மினுங்குகிறது; வலது விளக்கு சரியாக எரிகிறது. இடது பக்கப் பார்க்கிங் லைட்டும் லேசாக எரிகிறது. பல்பை மாற்றியும் பயனில்லை.

எர்த் போய்விட்டது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம், அதே பல்பின் டிம் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, வலது விளக்கின் டிம் இழையைக் கடந்து அங்கே எர்த்தைத் தேடிக்கொள்கிறது. பார்க்கிங் லைட்டும் அதே எர்த்தைப் பங்கிடுவதால் அதன் வழியாகவும் கொஞ்சம் கசிகிறது. இடது ஹோல்டரின் எர்த் முனையிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனியாக ஓர் ஒயரைப் பிடித்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் சந்தேகமே வேண்டாம். எர்த் ஸ்க்ரூவின் அடியில் பெயிண்ட் புகுந்திருக்கும். தகரம் தெரியும்வரை சுரண்டி, புது லக் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள்.

அலங்காநல்லூர் வாசகர்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பானெட்டைத் திறந்தால் விளக்கு எரிகிறது, மூடினால் அணைகிறது.

ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்வது. ஹெட்லைட்டுகளும் அதிலேயே இருப்பதால், திறந்து மூடும்போதெல்லாம் ஒயர் ஒரே இடத்தில் மடங்குகிறது. உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். மெல்லிய இழைகள் நிறைந்த ஒயரைச் சற்றுத் தளர்வாக விட்டு மாற்றுங்கள். எர்த்துக்குக் கீலை நம்ப வேண்டாம். சேஸிஸிலிருந்து தனி ஒயர் கொடுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்கி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பிரகாசமாகிறது.

பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ உள்ள வண்டியில் இது இயல்பு. ஐட்லிங்கில் டைனமோ சார்ஜ் செய்யாது. ஆனால் வேகத்தில் 14.5 வோல்ட்டுக்கு மேல் போய் பல்புகள் அடிக்கடி ஃபியூஸானால் டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும்.

சிம்மக்கல் வாசகர்: எல்இடி பல்பு போடலாமா?

நான் போடமாட்டேன். பழைய ரிஃப்ளெக்டரும் கோடிட்ட கண்ணாடியும் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. எல்இடியின் ஒளி பெரும்பாலும் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். மேலும், பாசிட்டிவ் எர்த் உள்ள (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்த) பழைய வண்டிகளில் அது எரியாமலும் போகலாம், கெட்டும் போகலாம்.

வாடிப்பட்டி வாசகர்: காலால் மிதிக்கும் டிம்மரை மழைக்காலத்தில் மிதித்தால் சில சமயம் இரண்டு விளக்குமே அணைந்துவிடுகின்றன.

ஆபத்தான கோளாறு, தள்ளிப்போடாதீர்கள். மிதியடிக்கு அடியில் தேங்கும் நீரும் மண்ணும் டிம்மரின் தொடுமுனைகளை அரித்துவிடுகின்றன. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் முறைப்படி ஒயரிங் செய்த வண்டியில் நீல ஒயர் டிம்மருக்கு வருவது, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு. இடையில் யாராவது எல்லாவற்றையும் ஒரே சிவப்பு ஒயரால் மாற்றியிருந்தால் (நம் பக்கத்தில் அதுதான் வழக்கம்) நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். வரும் முனையில் எப்போதும் எரிந்து, போகும் முனைகளில் மிதிக்கும்போது விட்டுவிட்டு எரிந்தால் டிம்மரையே மாற்றுங்கள். சுத்தம் செய்து மாட்டினால் அடுத்த ஐப்பசி வரைகூடத் தாங்காது.